அண்ணன் தொடக் கூடாத கணினி

கணினி வாங்கப் போகிறவர்களுக்கு எல்லோரும் ஓர் அறிவுரை சொல்வார்கள். இதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் யோசி, பிறகு கடைக்குப் போ என்பார்கள். நான் யோசித்தது வேறு. இதை வைத்து என் அண்ணனால் என்னென்ன செய்ய முடியாமல் போக வேண்டும் என்று யோசித்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதையே யோசித்தேன். என் கல்யாணத்தைக்கூட யாரும் அவ்வளவு கவனமாகத் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கவே மாட்டேன்.

வீடு எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில் இருக்கிறது. நானும் அம்மாவும் மட்டும்தான். முன்னறையில் என் மேசை. மலையாளத்தில் உள்ள நிலப் பத்திரங்களையும் கோர்ட்டுத் தீர்ப்புகளையும் தமிழில் மொழிபெயர்ப்பது என் தொழில். இங்கே சொத்தை வைத்துவிட்டுத் தமிழ்நாட்டில் குடியேறியவர்கள், இங்கே இறந்துபோன சித்தப்பாவின் கடைக்காக அங்கிருந்து வழக்குப் போடுகிறவர்கள், இவர்களுடைய வக்கீல்கள் எனக்கு வேலை அனுப்புவார்கள். சின்ன வயதில் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, என்னைப் பாலக்காட்டுப் பக்கம் இருந்த சின்னம்மா வீட்டில் விட்டார். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அண்ணன் இங்கேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தார். அவருக்குத் தமிழ் பேச வரும். ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

எங்கள் தெருவில் அது ஒரு குறையே இல்லை. என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அண்ணன் அதை மறைத்தார். பெரியவரான பிறகு தானாகவே தமிழ் படித்துக்கொண்டதாக எல்லோரிடமும் சொல்லிவைத்தார். வளைகுடாவில் வேலைக்குப் போய்க் கொஞ்சம் வசதி வந்ததும், இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நடத்தும் சங்கத்துக்கு அவர் புரவலர் ஆகிவிட்டார். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு கூட்டம், ஒரு பொன்னாடை, ஒரு சொற்பொழிவு. தமிழ் நம் ரத்தம், தமிழ் நம் மூச்சு என்று மேடையில் முழங்குவார். கையில் இருக்கும் தாளில் அந்த ரத்தமும் மூச்சும் மலையாள எழுத்தில் எழுதியிருக்கும். கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரியாதைக்காக அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். மனசுக்குள் எழுதுவது வேறு.

லீவுக்கு வந்தவருக்கு வீட்டில் எல்லாம் சொந்தம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல அறை அவருக்கு. நல்ல மின்விசிறி அவருக்கு. மீனில் நடுத்துண்டு அவருக்கு. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் கொடுக்கவும் மாட்டார்கள், தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதே வழக்கப்படி என் கணினியும் ஒவ்வொரு லீவிலும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. காலையில் சாயாவோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் வக்கீலிடம் கெடு கேட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பேன்.

போன லீவுக்கு முந்தைய லீவில், சொந்தத்தில் ஒரு நிக்காஹுக்காக நான் ஆலுவாவுக்குப் போனேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“போய்ப் பாரு. சிஸ்டம் பறக்குது. நீ அதுல எத்தர குப்பை சேத்து வெச்சிருந்தே! எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன்.”

கணினி மெதுவாக இருக்கிறது என்று மொத்தமாக ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு நீலப் படமும் குப்பைத்தொட்டியும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

போனது என்ன என்று வெளியாட்களுக்குச் சொன்னால் புரிவது கஷ்டம். ஆதாரம் என்றால் இங்கே நிலப் பத்திரம். தமிழ்நாட்டுக் கோர்ட்டில் ஆதாரம் என்று எழுதினால் அது சான்று. இப்படி வழக்குக்கு வழக்கு, தாலுகாவுக்குத் தாலுகா மாறும் சொற்களை, எந்தச் சொல்லுக்கு எதைப் போட்டேன், எந்த வக்கீல் எதை ஏற்றுக்கொண்டார், எந்தக் கோர்ட்டில் எது திரும்பி வந்தது என்று பல வருடமாகச் சேர்த்து ஒரு சொல்வங்கி வைத்திருந்தேன். என் தொழிலே அதுதான். அது இருந்தால் ஒரு பத்திரத்தை ஒரு காலையில் முடிப்பேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழ வேண்டும். அதோடு, கோயம்புத்தூரில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்காகப் பாதி முடித்து வைத்திருந்த ஒரு பெரிய வழக்குக் கட்டும் போய்விட்டது.

“டி டிரைவ்ல இருந்துச்சே, அண்ணே?”

“அதையும் சேத்துத்தான் க்ளீன் பண்ணினேன். பாதி பண்ணி பாதி விட்டா பின்னே என்னத்துக்கு?”

எனக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இழுப்பறையைத் திறந்தேன். காணோம். அது கணினியில் செருகியிருந்தது. புதிய விண்டோஸைப் போடுவதற்கு ஒரு பென் டிரைவ் வேண்டியிருந்ததாம். கைக்குக் கிடைத்தது அதுதானாம். விண்டோஸை ஏற்றும் பென் டிரைவாக ஒன்றை மாற்றினால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

“அதுல என்னமோ கொஞ்சம் ஃபைல் கெடந்துச்சு” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நெய்மீன் குழம்பு. நடுத்துண்டு.

நான் கத்தினேன், அழுதேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, புதிதாகத் தொடங்கினால் நல்லதுதானே என்றார். அம்மா வழக்கம்போல நடுவில் வந்து, “அவன் உனக்கு நல்லது செய்யத்தானே செஞ்சான்” என்றாள். எர்ணாகுளத்தில் அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் ஒருவரிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். அழித்ததோடு விட்டிருந்தால் எல்லாம் வந்திருக்கும், அதன் மேலேயே புதிதாக எழுதிவிட்டார்கள் சேச்சி, இனி துண்டு துணுக்குதான் வரும் என்று அவர் மலையாளத்தில் சொன்னார். துண்டு துணுக்குதான் வந்தது. கோயம்புத்தூர் அலுவலகம் வேறு ஆளைத் தேடிக்கொண்டது. அண்ணன் லீவு முடிந்து போகும்வரை, தப்பாகிவிட்டது என்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமான நிலையத்துக்குக் கிளம்பும்போதுகூட, “சிஸ்டம் இப்ப ஸ்மூத்தா போகுதா?” என்றுதான் கேட்டார். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டும். நான் செஞ்சது தப்பு. அதை அவர் வாயிலிருந்து வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சந்தர்ப்பத்தைக் கணினியே உண்டாக்கித் தந்தது. இருந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது என்று அறிவிப்பு வந்தது. அடுத்த விண்டோஸுக்கு மாறலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு என் பழைய பெட்டியில் இல்லை. போதாததற்கு உப்புக்காற்றில் அதன் உள்பாகமெல்லாம் பச்சை பூத்திருந்தது. சில நாள் காலையில் உயிர் வராது. மூடியைத் திறந்து, நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால்தான் எழுந்திருக்கும். எப்படியும் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் கேள்வி, மடிக்கணினியா மேசைக்கணினியா. மழைக்காலத்தில் இங்கே கரண்டு நினைத்தால் போகும், நினைத்தால் வரும். அதற்கு மடிக்கணினிதான் நல்லது. ஆனால் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நண்பன் வீட்டில் ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்று போய்விடலாம். என் அண்ணன் போவார். ஆகவே மேசைக்கணினி.

அடுத்தது பெட்டி. கடைகளில் இப்போது கண்ணாடிச் சுவர் வைத்து, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் பெட்டிகளைத்தான் முன்னால் வைக்கிறார்கள். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு அந்தக் காரணமே போதும். வேறு காரணங்களும் இருந்தன. அந்தப் பெட்டிகளின் விசிறிகள் எங்கள் சந்தின் காற்றை இழுத்தால் அதோடு சுக்குத் தூளும் மிளகுத் தூசியும் உள்ளே போகும். பிறகு வேலியேற்றம். கடல் ஏறும் நாட்களில் சந்து வழியாகத் தண்ணீர் வந்து மேசைக்காலை நனைக்கும், தரையில் எதையும் வைக்க முடியாது. நான் தேர்ந்தெடுத்தது பிஸ்கட் டின் அளவே உள்ள ஒரு கறுப்புப் பெட்டி. அழகு என்று ஒன்றும் கிடையாது. திரைக்குப் பின்னால் திருகு போட்டு மாட்டிவிடலாம், தண்ணீர் அதைத் தொடாது. குறைந்த மின்சாரமே குடிக்கும் என்பதால் சின்ன யுபிஎஸ்ஸே ரொம்ப நேரம் தாங்கும். முக்கியமாக, அதைப் பார்க்கிற யாருக்கும் அதன் முன்னால் உட்கார்ந்து பெருமையடிக்கத் தோன்றாது.

செயலியில் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மொழிபெயர்க்கிறவளுக்கு ஓடும் குதிரை தேவையில்லை. நினைவகம் மட்டும் தாராளமாக வேண்டும் என்றேன், ஒரு பழைய பத்திரக் கட்டை ஸ்கேன் செய்து திறந்தால் அது அவ்வளவு தின்னும். சேமிப்பகம் இரண்டு. ஒன்றில் இயங்குதளம், இன்னொன்றில் என் வேலை. இரண்டுக்கும் நகலாக வெளியே ஒரு ஹார்டு டிஸ்க். அதை எங்கே வைப்பது என்றுதான் நிறைய யோசித்தேன். அம்மா ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது, தன் மவுத்துக்கு என்று, இறந்தபின் உடலில் சுற்றும் கஃபன் துணி ஒன்று வாங்கி, அங்குள்ள ஸம்ஸம் புனித நீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தாள். அது ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்க வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. என் நகல் அந்தத் துணிக்கு அடியில் படுத்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

கடைசியில் இயங்குதளம். இதில்தான் எனக்குத் தூக்கம் போனது. புதிய விண்டோஸைப் போட்டால் என் வேலைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அண்ணனுக்கு அது சொந்த ஊர். கடவுச்சொல் வைத்தால், வீட்டு ஆளுக்கே பூட்டா என்று அம்மாவிடம் போய் நிற்பார், அம்மா என்னிடம் வந்து நிற்பாள். பூட்டாமலே அவரை வெளியே வைக்க வேண்டும். ஆகவே லினக்ஸை முயன்று பார்த்தேன். பழைய பெட்டியில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும் என்பது அதில் உள்ள வசதி. பிரிண்டர் உடனே பேசியது. ஸ்கேனர் கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு வழிக்கு வந்தது. தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. என் மொழிபெயர்ப்புக் கருவி உலாவியில்தான் ஓடுகிறது, அதற்கு எந்த வீடும் சம்மதம்.

ஆனால் லினக்ஸும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. நாலு நாள் அங்கே இங்கே சொடுக்கினால் அண்ணன் கற்றுக்கொண்டுவிடுவார். கை வேகம் உண்டு அவருக்கு. இதை யோசித்துக்கொண்டே அமைப்புகளைப் புரட்டியபோது மொழிகள் என்று ஒரு பகுதி வந்தது. நீண்ட வரிசை. அதில் தமிழ் இருந்தது. அழுத்தினேன். வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தால், திரை முழுக்கத் தமிழ். கோப்பு, தொகு, பார்வை, அமைவுகள். சில சொற்கள் கரடுமுரடாக இருந்தன. தொழில்முறையில் நான் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா உள்ளேயிருந்து என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை, கணினி தமிழ் பேசுகிறது என்றேன்.

வாங்குவதற்காக வாட்டர் மெட்ரோ படகில் எர்ணாகுளம் போனேன். கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸ் போட்டுத் தரட்டுமா என்று மலையாளத்தில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

“லினக்ஸா? வீட்டில் வேறே ஆர்க்கும் உபயோகிக்கான் பற்றில்லல்லோ, சேச்சி” என்றார். வீட்டில் வேறு யாராலும் பயன்படுத்த முடியாதே என்று அவருக்குக் கவலை.

“அதே. அதுதன்னே வேண்டது” என்றேன். அதுதான் வேண்டும்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ரசீது போட்டார்.

அண்ணன் போன லீவுக்கு வந்தார். முதல் நாள் காலையில் சாயாவோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பூட்டு இல்லை, கடவுச்சொல் கேட்கவில்லை, திரை உடனே திறந்துகொண்டது. மௌஸை அங்கும் இங்கும் நகர்த்திச் சொடுக்கினார். நான் சமையலறை வாசலில் நின்று, அவருடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுகத்தை நான் யாருக்கும் விற்க மாட்டேன்.

“இதென்ன, எல்லாம் தமிழ்ல?”

“தமிழ் நம்ம ரத்தம்னு நீங்கதானே சொல்லுவீங்க, அண்ணே. கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துடுச்சு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஒன்றும் இல்லை.

“நல்ல காரியம்” என்றார். “கண்ணுதான் கொஞ்சம் சரியில்ல. கண்ணாடி மாத்தணும்.” எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் என் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய லீவு நாளில் முதல்முறையாக ஒரு பத்திரத்தை முழுசாக முடித்தேன்.

இதோடு நின்றிருந்தால் எனக்கு இடம் கிடைத்திருக்கும், வார்த்தையைக் கேட்க வழி கிடைத்திருக்காது. ஒரு சாயங்காலம் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தலைவர் வெங்காய மண்டி வைத்திருப்பவர், பொருளாளர் துணிக்கடைக்காரர். இரண்டு பேரும் அண்ணனோடு படித்தவர்கள், ஆகவே மலையாளம் மட்டும் வாசிப்பவர்கள். கடல் கடந்து போன நம் ஆட்களைப் பற்றி ஒரு மலர் போடப் போகிறார்கள், அண்ணனின் பழைய படங்கள் வேண்டும். அண்ணன் ஒரு பென் டிரைவை எடுத்து வந்தார். அவருடைய வளைகுடா வாழ்க்கை முழுவதும் அதில் இருந்தது. பழைய போன்கள், பழைய கணினி என்று எல்லாவற்றிலிருந்தும் அதில் சேர்த்துவிட்டு, மற்ற இடங்களில் இருந்ததையெல்லாம் அழித்திருந்தார். எதையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும், மீதியைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

படம் பார்க்க வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. சொடுக்கிச் சொடுக்கிக் காட்டினார். அவர்கள் இது வேண்டும், அது வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பிரிண்டு போடுவதற்கு முன்னால் நானே தேர்ந்தெடுத்து அனுப்புகிறேன் என்றார் அண்ணன். நான் சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பொருளாளர் பென் டிரைவைப் பிடுங்கக் கை நீட்டினார்.

“ஏய், அப்படிச் சும்மா புடுங்கக் கூடாது. டேட்டா போயிரும். சேஃபா எடுக்கணும்” என்றார் அண்ணன்.

திரையில் பென் டிரைவின் படத்தின் மேல் வைத்து வலது பக்கம் சொடுக்கினார். ஒரு பட்டியல் இறங்கியது. எல்லாம் தமிழ். அவர் கை ஒரு கணம் நின்றது. என்னிடம் கேட்டிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் பின்னால் சங்கம் நின்றது. அவர் பட்டியலில் ஏதோ ஒன்றை அழுத்தினார். அவர் அழுத்தியது, பென் டிரைவை ஃபார்மட் செய்யும் வரியை.

ஒரு சின்னச் சன்னல் திறந்தது. கீழே பெரிய பொத்தான். அழுத்தினார். அடுத்த சன்னல் வந்தது. இந்த வட்டிலுள்ள எல்லாத் தரவுகளும் அழிக்கப்படும், தொடர வேண்டுமா என்று கேட்டது. எல்லாம் தெளிவான தமிழ். அந்த வரியை மொழிபெயர்த்தவர் யாரோ, நேரில் பார்த்தால் கை குலுக்குவேன்.

“இதென்ன நீளமா எழுதியிருக்கு?” என்று தலைவர் கேட்டார்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் வரும் அதே குரலில், விரலை எழுத்துகளின் கீழ் ஓட்டிக்கொண்டு வாசித்தார். “பென் டிரைவை இப்போது பாதுகாப்பாக எடுக்கலாம். நன்றி.”

“அடடா, நன்றியும் சொல்லுதே” என்றார் தலைவர்.

அண்ணன் பொத்தானை அழுத்தினார். கணினி கடவுச்சொல் கேட்டது. இந்த மாதிரிக் காரியங்களுக்கு மட்டும் அது கேட்கும்.

“பாஸ்வேர்டு கேக்குது. இதுக்கு எதுக்கு பாஸ்வேர்டு?”

“இந்த சிஸ்டம் அப்படித்தான், அண்ணே. எல்லாத்துக்கும் உறுதியா கேட்டுக்கும்” என்றேன். குனிந்து, அவருடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கடவுச்சொல்லை நானே அடித்தேன்.

பட்டை ஒன்று ஓடி முடிந்தது. அண்ணன் பென் டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட வந்தார்கள். அவர்களுக்குப் படம் காட்ட டிவியில் செருகினார். ஒன்றும் இல்லை. கழற்றினார், துடைத்தார், ஊதினார், திரும்பச் செருகினார். பிறகு என் அறைக்கு வந்தார். நான் அவரை அந்த முகத்தோடு பார்த்ததே இல்லை.

“உன் சிஸ்டம் என் படத்தையெல்லாம் தின்னுடுச்சு!”

“சிஸ்டம் ஒன்னும் திங்கல. ஃபார்மட் பண்ணச் சொல்லி நீங்க அழுத்தினீங்க. எல்லாம் அழிஞ்சுடும், செய்யட்டுமான்னு அது கேட்டுச்சு. நீங்க வாசிச்சுப் பாத்துட்டுத்தானே ஆமான்னீங்க?”

“நான் எப்ப வாசிச்சேன்?”

“சத்தமா வாசிச்சீங்களே. தலைவர் கேட்டாரே. பொருளாளரும் இருந்தாரே.”

என்னைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு வாசிக்கத் தெரியாது என்று முதலில் சொல்ல வேண்டும். ஹாலில் சொந்தக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. பென் டிரைவை என் மேசை மேல் எறிந்து, “இதை எடுத்துக் குப்பையில போடு” என்றார்.

நான் போடவில்லை. அவர் வெளியே போன நேரம் பார்த்து, அதன் மேல் எதையும் எழுதாமல், மீட்கும் நிரலை ஓட்டினேன். சாயங்கால பாங்குக்குள் எல்லாம் வந்துவிட்டது. பெயர்கள் போய்விட்டிருந்தன, படங்கள் மட்டும் வெறும் எண்களோடு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காமல், கொளுத்தும் வெயிலில் கம்பிக்கட்டுக்கு முன்னால் நிற்கும் அண்ணன். அடுக்குக் கட்டில் மேல்தட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன். பெருநாள் அன்றைக்கு யாரோ ஒருவனுடன் ஒரே தட்டில் சாப்பிடுகிற அண்ணன். அந்த நாட்களில் அவர் அனுப்பியதில்தான் எனக்குப் பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் நடந்தன. எனக்குப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனாலும் கோபம் ஒரு துளி குறையவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க இடம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, உன்னால் எடுத்துக் கொடுக்க முடியாதா, ஒரு படமாவது எடுத்துக்கொடு என்றாள். எல்லாமே எடுத்துவிட்டேன், கொடுப்பேன், அண்ணனை வரச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் வந்தார். அம்மா அவருக்குப் பின்னால் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். நான் நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன்.

“ரெண்டு வருஷம் முந்தி என் வேலையெல்லாம் அழிச்சீங்க. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லல. நான் செஞ்சது தப்பு. இவ்வளவுதான். இதுல அடிங்க, தமிழ்ல. அடிச்சதும் படத்தையெல்லாம் உங்க கையில தர்றேன்.”

அவர் விசைப்பலகையைப் பார்த்தார். நான் தமிழ் எழுத்து ஒட்டிய விசைப்பலகை வாங்கியிருந்தேன். விரல் அதன் மேல் அங்கும் இங்கும் போனது, எதையும் தொடவில்லை. வெளியே சந்தில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

“அவனுக்குக் கண்ணு சரியில்லடி” என்றாள் அம்மா.

“கண்ணுக்கு ஒன்னும் இல்லம்மா” என்றார் அண்ணன். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. வாசிக்கவும் தெரியாது.” என்னைப் பார்த்தார். “உனக்குத் தெரியாதா, என்ன?”

அவருடைய எல்லாச் சொற்பொழிவுகளுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து கண் துடைத்தவள் அம்மா. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

“தெரியும்” என்றேன். “நான் கேட்டது அது இல்ல.”

அவர் எழுந்து போனார். லீவு முடியும் மட்டும் என் அறைக்குள் வரவில்லை. படங்கள் இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்றுகூடப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன், என் வேலையோடு சேர்த்து அவற்றுக்கும் நகல் எடுக்கிறேன். வாரம் ஒருமுறை அண்ணன் அம்மாவிடம் போனில் பேசும்போது, அவள் என்ன செய்கிறாள் என்று என்னைப் பற்றிக் கேட்கிறாராம். வேலை செய்கிறாள் என்று அம்மா சொல்வாளாம். அந்த மூன்று வார்த்தையை அவர் எழுத வேண்டியதில்லை, போனில் வாயால் சொன்னாலே எனக்குப் போதும், அந்த நிமிடமே எல்லாவற்றையும் அனுப்பிவிடுவேன். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.